சிவப்புத் துணி ஆஸ்பத்திரித் தொட்டிக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முன்னறையில் மீன் தொட்டிக்கு எதிரே போனைப் பிடித்தபடி நிற்கிறேன். திரையில் சுனிதாவின் முகம். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை, மடியில் பிறந்து இரண்டு வாரமான பெண் குழந்தை.

"அக்கா, லட்டுவக் காட்டுங்க."

காட்டினேன். இடப்பக்கத்தை மட்டும் காட்டினேன். லட்டு ஒரு சுற்றுச் சுற்றி வலப்பக்கத்தைத் திருப்பியபோது, கேமராவின் மேல் என் கட்டைவிரலை வைத்து மூடினேன்.

"என்னங்க்கா, திடீர்னு இருட்டாயிருச்சு?"

"டவர் சரியில்ல கண்ணு."

லட்டுவின் வாலில், வலப்பக்கம், பொடி உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். பதினொன்று. எண்ணுவது என் தொழில், அதனால் எண்ணித்தான் வைத்திருந்தேன்.

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருப்பவள். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் புரட்டிப் பார்ப்பேன். ஒரு தையல் விட்டிருந்தாலும் சரி, ஊசி ஓட்டை ஒன்று இருந்தாலும் சரி, சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்து, தப்பைப் பார்த்து அம்பு நிற்கும்படி ஒட்டி, தைத்தவரிடமே ஆல்டருக்கு, அதாவது சரி செய்ய, திருப்பி அனுப்புவேன். சரி செய்து கொண்டுவந்தால் மறுபடி பார்த்து, நானே அம்பை உரித்து எடுப்பேன். அம்பை ஒட்டியவர்தான் அதை எடுக்க வேண்டும். என் டேபிளில் அது சட்டம்.

அப்படிப்பட்டவள் ஒரு தப்பின் மேல் விரலை வைத்து மூடியது அதுதான் முதல் தடவை.

அது யாருடைய மீன்

சுனிதாவுக்கு ஒடிசாவில் ஊர். ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் வரிசையில், நாங்கள் லைன் என்பதில், உட்காருவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுடைய பீஸ்களில் நான் ஒட்டிய அம்புகளைச் சேர்த்தால் ஒரு பண்டல் வரும். ஒருநாள் பாத்ரூம் பக்கம் நின்று அழுதாள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த நாள் மூன்று அம்பு ஒட்டினேன்.

அவள் தமிழ் கற்றது முழுக்க எங்கள் கம்பெனித் தளத்தில்தான். இங்கே யாரும் யாரையும் 'ங்க' போடாமல் கூப்பிடுவதில்லை. அதனால் தமிழ் என்றாலே கடைசியில் 'ங்க' வர வேண்டும் என்று அவளாக முடிவு செய்துகொண்டாள். மெஷினில் நூல் அறுந்தால் மெஷினிடம், "ஏனுங்க இப்படிப் பண்றீங்க" என்பாள். மண்ணரைப் பகுதியில் அவளும் புருஷனும் குடியிருந்த ஒற்றை அறையில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஆரஞ்சு நிறத் தங்கமீன் ஒன்று வளர்த்தாள். அதையும், "லட்டு, வாங்க" என்றுதான் கூப்பிடுவாள். அதுவும் மரியாதையாக மேலே வரும்.

பிரசவத்துக்கு ஊருக்குக் கிளம்பியபோது அறையைக் காலி செய்துவிட்டார்கள். அத்தனை தூரம் ரயிலில் மீனைக் கொண்டுபோக முடியாது. கிண்ணத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள், எட்டு மாத வயிற்றோடு.

"ஏன் சுனிதா, லைன்ல உனக்கு எத்தன சிநேகிதிங்க இருக்காங்க. என்றகிட்டக் கொண்டாந்திருக்கற?" என்று கேட்டேன்.

"அவங்க எல்லாம் நல்லவங்கதானுங்க. ஆனா உங்க கையிலதான் தப்பு எதுவும் தாண்டாது அக்கா."

பாராட்டா பழிவாங்கலா என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு பெரிய தொட்டி உண்டு. மகள் சென்னைக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போனது. அதில் நான்கு தங்கமீன்கள். கிண்ணத்தில் கிடந்த லட்டுவைப் பார்த்தால், நீட்டிப் படுக்க இடமில்லாத ஹாஸ்டல் கட்டில் ஞாபகம்தான் எனக்கு வந்தது. அன்றைக்கே பெரிய தொட்டியில் விட்டேன். ஐந்தும் சேர்ந்து சுற்றின. ஒரு குறையும் இல்லை.

சந்தோஷத்தில் செய்தது

குழந்தை பிறந்த செய்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. லைனே கை தட்டியது. சாயங்காலம் நான் போன் செய்தேன். சுனிதா அலுப்பாகப் பேசினாள்.

"எங்க ஊருல இருபத்தொரு நாள் இந்த ரூமை விட்டு வெளிய விடமாட்டாங்க அக்கா. யாரும் உள்ளயும் வரக்கூடாது. அப்புறம் குளிப்பாட்டி, பேரு வெச்சு, அதுக்கு மேலதான் எல்லாரும் தூக்குவாங்க. எனக்கு லட்டுவப் பாத்தாத்தான் பொழுது போகும். ஞாயித்துக்கிழமை காட்டுங்க."

சிரித்துக்கொண்டே சரி என்றேன். நேராக மீன் கடைக்குப் போனேன். குழந்தை பிறந்ததைக் கொண்டாட வேண்டும், லட்டுவுக்குத் துணையாகவும் இருக்கட்டும் என்று கருகருவென்று இருந்த இரண்டு குட்டி மீன்களை வாங்கினேன். பிளாஸ்டிக் பையை அவிழ்த்து, கடைத் தண்ணீரோடு அப்படியே பெரிய தொட்டியில் கவிழ்த்தேன்.

கம்பெனிக்குள் ஒரு துணி ரோல் வந்தால் நேராகக் கட்டிங்குக்குப் போக நான் விட்டதில்லை. தனியாக ரேக்கில் வைத்து, பிரித்து, வெளிச்சத்தில் ஓட்டிப் பார்த்து, சரி என்று நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கத்திரி. மேனேஜரே வந்து அவசரம் என்று நின்றாலும் அசைய மாட்டேன். இந்தத் திமிர் பிடித்தவள் வீட்டுக்கு வந்தால் பையை அவிழ்த்துக் கவிழ்த்துவிடுகிறாள்.

பத்து நாள்கூட ஆகவில்லை. புதிய மீன்கள் இரண்டும் தொட்டியின் மூலையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு நின்றன. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. ஒன்று வெள்ளிக்கிழமை செத்தது, இன்னொன்று சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை லட்டுவின் வாலில் பதினொன்று. அப்போதுதான் போன் அடித்தது.

போனை வைத்ததும் கடைக்கு ஓடினேன். மீன் கடைக்காரர் நிதானமான மனிதர், காங்கேயத்துக்காரர். நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாத்தையும் ஒட்டுக்கா விட்டுட்டீங்களாங்க?"

"ஆமாங்க."

"புதுசா வாங்கற மீனை மூணு வாரம் தனித் தொட்டியில வெச்சுப் பாக்கோணுங்க. அதுக்கு மேலதான் சேக்கோணும். நோய் வந்ததுக்கு இன்னொரு தொட்டி. ஆஸ்பத்திரி மாதிரி வெச்சுக்குங்க."

"வாங்கும்போது நீங்க சொல்லலீங்களே."

"நீங்க பையை வாங்கிட்டுப் போன வேகத்துல எங்கீங்க சொல்றது" என்றார்.

மூன்று வாரம். இருபத்தொரு நாள். அந்தப் பெண் போனில் அதைத்தானே சொன்னாள். காதில் வாங்கிக்கொண்டே போய்த்தான் இந்தக் காரியத்தைச் செய்தேன்.

டப்பும் தராசும்

என் வீட்டுக்காரர் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். கையில் எது கிடைத்தாலும் ஓட்டை போட்டு ஒரு சாமான் செய்துவிடுவார். புதிதாக ஒரு வெள்ளை டப் வாங்கிவந்தேன். சாய வாசனை பட்ட எந்தப் பாத்திரமும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நூல் சுற்றி வரும் பிளாஸ்டிக் கோன் ஒன்றை வெந்நீரில் கழுவி, சுற்றிலும் துளை போட்டு, மேலே பஞ்சு நுரையைச் சுற்றி, உள்ளே காற்றுக் குழாயைச் செருகினார். தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஃபில்டர் தயார்.

டப்பில் கல் இல்லை, மணல் இல்லை, செடி இல்லை. அடியில் விழுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் பிடித்து டிரம்மில் ஒருநாள் ஆற வைத்த தண்ணீர். ஒளிந்துகொள்ள ஓர் உடைந்த பூந்தொட்டி. அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. லட்டுவை அதற்கு மாற்றினேன்.

அயோடின் கலக்காத கல் உப்பு, கடைக்காரர் சொன்ன அளவு. கண்ணளவாகப் போட எனக்கு மனம் வரவில்லை. கம்பெனியில் துணியின் கனம் பார்க்கிற சின்னத் தராசு ஒன்று இருக்கிறது, கிராமுக்குக் கீழேகூடக் காட்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதில் உப்பை நிறுத்துச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டினேன். லைன் பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஊறுகாய் போடுகிறேன் என்று சொல்லிவைத்தேன்.

தினமும் காலையில் பாதித் தண்ணீரை மாற்றினேன். பெரிய தொட்டிக்கும் கடைக்காரர் கொடுத்த மருந்தை ஊற்றினேன், ஏனென்றால் கிருமி அந்தத் தண்ணீரிலும் இருந்தது. புள்ளி வெளியே தெரியாவிட்டாலும் மருந்தை நிறுத்தக்கூடாது என்று கடைக்காரர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். வியாழக்கிழமை லட்டுவின் வாலில் ஒரு புள்ளியும் இல்லை.

அடுத்த ஞாயிறு சுனிதாவுக்கு இரண்டு பக்கத்தையும் காட்டினேன். நான்தான் ஜெயித்தேன் என்ற நினைப்பு. நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. சரியாகிவிட்டதே, இனி எதற்கு என்று இருந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை லட்டுவின் உடம்பெல்லாம் புள்ளி. எண்ண முடியவில்லை. பூந்தொட்டிக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது, செவுள் வேகமாக அடித்தது, போட்ட தீனி அப்படியே கிடந்தது.

எங்கே விட்டேன் என்று டப்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தண்ணீர் சரி, உப்பு சரி, தண்ணீர் மாற்றியது சரி. கடைசியில் குழாயில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

திருப்பூரில் பனியன் வேஸ்ட் இல்லாத வீடு கிடையாது. கட்டிங்கில் விழும் துண்டுத் துணி. பாத்திரம் துடைக்க அதுதான், வண்டி துடைக்க அதுதான், குழந்தைக்கு மூக்குத் துடைக்கவும் அதுதான். துணிதானே, அழுக்கா என்ன என்றுதான் எங்கள் கை நினைக்கும். நான் பெரிய தொட்டியின் உள்பக்கம் பாசியைத் துடைத்துவிட்டு, அதே ஈரத் துண்டால் டப்பின் உள் விளிம்பையும் துடைத்துக்கொண்டிருந்தேன். தினமும். அந்தத் துண்டுதான் குழாயில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஈரத்துணி போதுங்க, தாராளமாப் போதும்" என்றார் கடைக்காரர் போனில்.

டியூப் லைட்டில் பார்த்தால்

சனிக்கிழமை வரை லட்டு எதுவும் தின்னவில்லை. பெரிய தொட்டியில் எங்கள் நான்கில் ஒன்று செத்துப்போனது. என் வீட்டுக்காரர் டப்பின் அருகே குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்புள்ள, இது தேறாது போல இருக்குது. கடையில இதே கலருல, இதே நீளத்துல ஒண்ணு வாங்கியாந்துடறேன். ரெண்டு மூணு மாசம் கழிச்சு வர்ற அந்தப் புள்ளைக்கு என்ன தெரியப் போவுது?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்துத்தான் சொன்னார். ஒரு நிமிடம் எனக்கும் அது நல்ல வழியாகவே பட்டது. ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு ஆர்டர். கடைசியில் துணி பற்றவில்லை. வேறு லாட்டிலிருந்து, அதாவது வேறு தடவை சாயம் ஏற்றியதிலிருந்து, ஒரு ரோலை எடுத்துக் கைக்கு மட்டும் வெட்டினார்கள். அதே நீலம்தான். டியூப் லைட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை. தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்பதுதான் சரி. பாஸ் போட்டேன். பெட்டி கட்டும் நாளில் வாசலில் வெயிலில் ஒரு பீஸைப் பிரித்தார்கள். உடம்பு ஒரு நீலம், கை வேறு நீலம். அத்தனை பீஸும் கை பிரித்து மறுபடி தைக்க மூன்று நாள் ஆயிற்று. தைத்த பெண்கள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"லாட்டு மாறுனா ஷேடு மாறுமுங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"மீனுக்கு என்ன லாட்டு?"

"அது, வாங்கன்னா வருதுங்க. நீங்க வாங்கிட்டு வர்ற மீனு வருமா?"

அவர் எழுந்து போய் ஃபில்டர் நுரையைக் கழுவ ஆரம்பித்தார்.

மறுநாள் போன் வந்ததும் டப்பின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். கேமராவைத் திருப்பி, லட்டு கிடந்த கிடையைக் காட்டினேன். புது மீனை நேராக விட்டது, நோய் வந்தது, துணியால் மறுபடி ஒட்டியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "தப்பு என்ற மேலதான் கண்ணு" என்றேன்.

சுனிதா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். பிறகு மெல்ல, "லட்டு, வாங்க" என்றாள்.

லட்டு வரவில்லை. ஒரு பக்கத் துடுப்பு மட்டும் கொஞ்சம் ஆடியது.

அவள் போனைக் கட் செய்தாள். அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் அடித்தாலும் எடுக்கவில்லை.

மூன்று நிறம்

கோபப்பட அவளுக்கு உரிமை உண்டு. எனக்கு இருந்தது வேலை மட்டும்தான். அதைச் செய்தேன்.

வீட்டில் இருந்த பனியன் வேஸ்ட் மூட்டையைக் கொட்டி நிறவாரியாகப் பிரித்தேன். பெரிய தொட்டிக்கு வெள்ளைத் துணி. ஆஸ்பத்திரித் தொட்டிக்குச் சிவப்பு. இனி எந்த மீன் வீட்டுக்குள் வந்தாலும் மூன்று வாரம் இருக்கப்போகிற இன்னொரு டப்புக்குப் பச்சை. சிவப்பில் சாயம் இறங்குமோ என்று பயம். ஈரமான வெள்ளைத் துணியை வைத்துப் பத்துத் தடவை தேய்த்துப் பார்த்தேன். முதல் துண்டு ரோஸ் நிறம் கசிந்தது, தூக்கிப் போட்டேன். மூன்றாவது துண்டு கசியவில்லை. அதற்குப் பாஸ் போட்டேன்.

வலை, கோப்பை, குழாய் எல்லாவற்றிலும் அந்தந்த நிறத் துணியைக் கிழித்து முடிச்சுப் போட்டேன். எதை முதலில் கழுவுவது என்று குழம்பியபோது என் வீட்டுக்காரர் வழி சொன்னார்.

"சாயப்பட்டறையில எப்பிடி ஓட்டறாங்க? வெளிர் ஷேடு முதல்ல, கருப்பு கடைசில. அதே மாதிரி பண்ணு."

அப்படியே செய்தேன். நல்ல தொட்டி முதலில், நோய்த் தொட்டி கடைசியில், அதன்பின் முழங்கை வரை கழுவாமல் எதையும் தொடுவதில்லை. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரம், வந்ததும் ஒரு மணி நேரம். இரண்டு இடத்தில் விருந்துக்குப் போகவில்லை. மீனுக்காகவா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

லட்டுவைச் சத்தம் போட்டும் கூப்பிட்டுப் பார்த்தேன், சுனிதா சொல்வதுபோலவே. நான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மீனுக்கு 'ங்க' போட்டேன். ஒரு புதன்கிழமை காலை, வேகவைத்துத் தோலுரித்த பட்டாணியை நசுக்கிப் போட்டபோது, பூந்தொட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. ஒரு துணுக்கு தின்றது, துப்பியது, மறுபடி தின்றது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். வேலைக்குப் பத்து நிமிடம் தாமதம்.

புள்ளிகள் போய்விட்டன. ஆனால் வாலின் வலப்பக்கம் நுனி உதிர்ந்து, கத்திரி தவறாகப் பட்ட துணிபோல ஆகிவிட்டது. அதன்பிறகும் மூன்று வாரம் சிவப்புத் துணிதான். ஒருநாள்கூடக் குறைக்கவில்லை. அதற்கு மேல்தான் பெரிய தொட்டியில் விட்டேன்.

அம்பு

சில மாதம் கழித்து சுனிதா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் வேலையில் மறுபடி சேரவிருந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியாரும் ஊரிலிருந்து வந்திருந்தார். சுனிதா மட்டும் குழந்தையோடு என் வீட்டுக்கு வந்தாள். "வாங்க்கா" என்று நான் சொன்னேன், குழப்பத்தில். அவளுக்குச் சிரிப்பு வந்ததாகத் தெரியவில்லை. நேராகத் தொட்டிக்குப் போனாள்.

"லட்டு, வாங்க."

வந்தது. கண்ணாடியில் வாயை வைத்து நின்றது. அவள் இடப்பக்கம் பார்த்தாள். பிறகு தொட்டியைச் சுற்றிப் போய் வலப்பக்கம் பார்த்தாள். உதிர்ந்த வாலை வெகுநேரம் பார்த்தாள். என் டேபிளில் நான் பார்ப்பதைவிட மெதுவாகப் பார்த்தாள். 

"அக்கா, ஸ்டிக்கர் இருக்குதுங்களா?"

என் கைப்பையில் எப்போதும் ஒரு ஷீட் கிடக்கும். எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியில், லட்டுவின் வாலைப் பார்த்து ஒட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஓர் அம்பை உரித்து, என் வலக்கையைப் பிடித்து, கட்டைவிரலில் ஒட்டினாள்.

"தப்பு வால்ல இல்லீங்க. இங்கதானுங்க."

நான் அவளைப் பார்த்தேன்.

"அன்னைக்கு வெரல் ஓரம் தெரிஞ்சுதுங்க அக்கா. ரேகைகூடத் தெரிஞ்சுது. நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். அடுத்த வாரம் சிரிச்சுட்டே காட்டினீங்க." குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "மீனுக்கு ஒடம்புக்கு வரும், அதுக்குக் கோவம் இல்லீங்க. நீங்க மூடினீங்க."

 "ஆமா கண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

அவள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, தொட்டியின் முன்னால் உட்கார்ந்து லட்டுவோடு ஒடியாவில் பேசிக்கொண்டிருந்தாள். புது அறை கிடைக்கும்வரை லட்டு இங்கேயே இருக்கட்டும் என்று போகும்போது சொன்னாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அம்பை நான் எடுக்கவில்லை. எடுக்க எனக்கு அதிகாரமும் இல்லை. அன்று மாலை தொட்டி வேலையை இடக்கையாலேயே செய்தேன். திங்கட்கிழமை அந்த விரலோடு கம்பெனிக்குப் போனேன். பக்கத்து டேபிள்காரி என்ன இது என்று கேட்டாள். ஆல்டருக்கு வந்திருக்கிறது என்றேன்.

டீ நேரத்தில் ஓவர்லாக் லைனிலிருந்து சுனிதா எழுந்து வந்தாள். காலையில் அவள் தைத்த பீஸ்கள் என் முன்னால் இருந்தன, ஒன்றில் அம்பு. அதைப் பார்த்தாள். அது தன்னுடைய பீஸ் என்றும் தெரிந்துகொண்டாள். பிறகு என் வலக்கையை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலிலிருந்து அம்பை நகத்தால் நோண்டி மெதுவாக உரித்தாள்.

"பாஸுங்க அக்கா" என்றாள். தன் பீஸை எடுத்துக்கொண்டு சரி செய்யப் போனாள்.